'அன்லிமிடெட்' என்றால் எவ்வளவு?

சென்ற மாதம் எங்கள் தெருவைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர், புதிதாக வாங்கிய லேப்டாப்புடன் என் கடைக்கு வந்தார். திரையில் ஒரு விளம்பரம். ரீசெல்லர் ஹோஸ்டிங், மாதம் 600 ரூபாய், எத்தனை வெப்சைட் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், டிஸ்க் ஸ்பேஸ் அன்லிமிடெட், பேண்ட்வித் அன்லிமிடெட். மூன்று ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டினால்தான் இந்த விலை என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது. அதாவது 21,600 ரூபாய்.

"அண்ணே, விஸ்வநத்தத்துலயும் சிவகாசியிலயும் எத்தனை பிரஸ் இருக்கு, எத்தனை பட்டாசுக் கடை இருக்கு! ஆளுக்கு ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்தா, மூணே மாசத்துல போட்ட காசை எடுத்துரலாம்ல?"

பணம் அவருடைய அம்மா சீட்டுப் போட்டுச் சேர்த்தது. அதனால்தான் அவரை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, என் கதையைச் சொன்னேன். 2011ல் இதே கணக்கைத்தான் நானும் போட்டேன்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்காகச் சில விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். வெப்சைட் என்பது சில பைல்கள்தான். அவை இரவு பகலாக நிற்காமல் ஓடும் ஒரு கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும். அதுதான் சர்வர். அதில் இடத்தை வாடகைக்கு எடுப்பதே வெப் ஹோஸ்டிங். உங்கள் வெப்சைட்டை ஒருவர் பார்க்கும்போது படங்களும் எழுத்துகளும் சர்வரிலிருந்து அவருடைய கம்ப்யூட்டருக்குப் போகின்றன. ஒரு மாதத்தில் அப்படி வெளியே போகும் மொத்த அளவைத்தான் ஹோஸ்டிங் விளம்பரங்கள் பேண்ட்வித் என்கின்றன. (உண்மையில் அந்தச் சொல் வேகத்தைக் குறிப்பது. விற்பவர்கள் அதை அளவுக்கு வைத்துவிட்டார்கள்; நாமும் பழகிவிட்டோம்.)

ரீசெல்லர் என்பவர் மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்பவர். எங்கள் பகுதிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தீபாவளி கிஃப்ட் பாக்ஸில் உள்ளே இருக்கும் வெடி எங்கோ தயாரானது. மேலட்டையில் கடைக்காரர் பெயர். ரீசெல்லர் ஹோஸ்டிங்கும் அப்படித்தான். சர்வர் வேறொருவருடையது. உங்களுக்கு டபிள்யூ.எச்.எம். என்ற கன்ட்ரோல் பேனல் தருவார்கள். அதிலிருந்து ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனி சி-பேனல் அக்கவுண்ட் திறந்து, உங்கள் பெயரில் விற்கலாம். வாடிக்கையாளருக்கு நீங்கள்தான் கம்பெனி. பின்னால் யார் இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியாது.

என் தொழில் டி.டி.பி. லேபிள், நோட்டீஸ், காலண்டர் அட்டை டிசைன். 2011 கோடையில் ஒரு வெளிநாட்டு நிறுவனத்திடம் அன்லிமிடெட் ரீசெல்லர் பிளான் வாங்கினேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். ஆர்ட் பேப்பரில் நானே ஒரு நோட்டீஸ் அடித்தேன்: 'வெப்சைட் ஆண்டுக்கு ரூ. 2,999 மட்டுமே, அன்லிமிடெட் பேண்ட்வித்.' அந்த வார்த்தையைச் சிவப்பில், பெரிய எழுத்தில், வெடிச் சிதறல் படத்துக்கு நடுவில் போட்டேன். புரட்டாசிக்குள் பதினொரு பேர் சேர்ந்துவிட்டார்கள். மூன்று பட்டாசுக் கடை, ஐந்து பிரஸ், ஒரு பள்ளி, இரண்டு சில்லறைக் கடை.

அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 26. பட்டாசுக் கடை அண்ணாச்சி ஒருவர் அக்டோபர் 9, ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் சிறிய விளம்பரம் கொடுத்தார். விலைப்பட்டியலுக்கு எங்கள் வெப்சைட் பாருங்கள் என்று ஒரே ஒரு வரி. பட்டியல் 9 எம்.பி. பி.டி.எப். பைல். ஒவ்வொரு வெடிக்கும் படம் வேண்டும் என்று அவர் சொன்னார். அச்சுக்குப் போகும் தரத்திலேயே நான் படங்களைப் போட்டுவிட்டேன். பிரஸ்காரன் புத்தி.

காலை எட்டரைக்கு முதல் போன். "தம்பி, பக்கம் வர மாட்டேங்குதாம்." நான் திறந்து பார்த்தால் 508 என்று ஒரு எரர். பத்தரைக்கு மொத்த ரீசெல்லர் அக்கவுண்டையும் நிறுத்திவிட்டார்கள். பட்டாசுக் கடை மட்டுமல்ல, பதினொரு வெப்சைட்டும் போயின. அவற்றோடு இருந்த இ-மெயிலும் போனது. காலண்டர் சீசன். வெளியூர் ஆர்டர்களுக்கு புரூப் அனுப்பி ஒப்புதல் வாங்கும் பிரஸ்கள் மெயிலை நம்பி இருந்தன. சப்போர்ட்டுக்கு எழுதினேன். பதினான்கு மணி நேரம் கழித்து, அளவுக்கு மீறி சர்வரைப் பயன்படுத்தியதாக ஒரு பதில். மறுபடி திறந்துவிட்டபோது இரண்டரை நாள் ஆகியிருந்தது.

பிறகு லாக் பைலை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். அந்தக் காலையில் 412 டவுன்லோட். பாதியில் நின்றவை உட்பட வெளியே போன மொத்த டேட்டா 3.1 ஜி.பி. ஒரு டிவிடி அளவுகூட இல்லை. அன்லிமிடெட் பேண்ட்வித் ஒரு டிவிடிக்குத் தாங்கவில்லை.

ஏன் தாங்கவில்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. காரணம் பேண்ட்வித்தே அல்ல. எத்தனை பேர் பட்டியலை எடுத்தார்கள் என்று எண்ணுவதற்காக, பி.எச்.பி.யில் ஒரு சிறிய புரோகிராம் வைத்திருந்தேன். பைல் அதன் வழியாகத்தான் போகும். அப்போது பலருடைய வீட்டில் 256 கே.பி.பி.எஸ். இணைப்பு. அந்த வேகத்தில் 9 எம்.பி. இறங்க ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடமும் என் புரோகிராமின் ஒரு பிரதி சர்வரில் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு அக்கவுண்டில் ஒரே நேரத்தில் இப்படி இருபதுதான் ஓடலாம் என்பது அந்த சர்வரின் கட்டுப்பாடு. என்ட்ரி பிராசஸ் என்று இதற்குப் பெயர். பகிர்ந்து கொடுக்கும் சர்வர்களில் பரவலாக உள்ள கிளவுட்லினக்ஸ் என்ற சிஸ்டம் ஒவ்வொரு அக்கவுண்டுக்கும் இந்த வேலியைப் போடுகிறது. இருபத்தொன்றாவது ஆள் வந்தால் 508.

கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். இருபது பேர், ஆளுக்கு ஐந்து நிமிடம். நிமிடத்துக்கு நான்கு டவுன்லோட், மணிக்கு 240. அதற்கு மேல் ஒன்றுகூடப் போகாது. விளம்பரத்தில் இருந்த வார்த்தை அன்லிமிடெட். எனக்குக் கிடைத்தது மணிக்கு 240.

என் தவறும் இதில் உண்டு. அந்த எண்ணும் புரோகிராமை வைக்காமல் பைலுக்கு நேரடியாக லிங்க் கொடுத்திருந்தால், அன்று பெரும்பாலும் தப்பித்திருப்பேன். பட்டியலை 1 எம்.பி.க்குள் சுருக்கியிருந்தால் நிச்சயம் தப்பித்திருப்பேன். ஆனால் இருபது என்ற அந்த எண்ணை வாங்கும்போதே எனக்கு யாராவது சொல்லியிருந்தால் நான் யோசித்திருப்பேன். தீராத ஒன்றைப் பெரிய எழுத்தில் எழுதிவிட்டு, தீரக்கூடியதை எல்லாம் ஒப்பந்தத்தின் நாற்பதாவது பத்தியில் வைப்பதுதான் இந்த வியாபாரத்தின் வழக்கம். என் குறை அதில்தான்.

அளவில்லாச் சாப்பாடு என்று போர்டு வைத்த ஓட்டலை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் பொய் சொல்லவில்லை. வயிறு ஒரு அளவுதான் என்று அவருக்குத் தெரியும். நான்கு பேர் அதிகம் சாப்பிட்டால் நாற்பது பேர் குறைவாகச் சாப்பிடுவார்கள். ஆனால் நீங்கள் அடுக்குச் சட்டியை எடுத்து வைத்துச் சோற்றை நிரப்பச் சொன்னால், "பார்சல்னா அளவுதான் சார்" என்பார். ஹோஸ்டிங்கிலும் இதுதான் நடக்கிறது. பெரும்பாலான வெப்சைட்டுகளை நாளைக்குப் பத்துப் பேர் பார்த்தால் அதிகம். அந்த தைரியத்தில் இருப்பதைவிட அதிகமாக விற்கிறார்கள். இதற்கு ஓவர்செல்லிங் என்று பெயர். அமெரிக்காவின் ட்ரீம்ஹோஸ்ட் நிறுவனம், தாங்கள் ஓவர்செல்லிங் செய்வதை 2006லேயே தன் வலைப்பதிவில் வெளிப்படையாக எழுதியது. ஓவர்செல்லிங் குற்றம் அல்ல. பஸ்ஸும் அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் எங்கள் ஊர் வெப்சைட் தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரத்தில் மட்டும் அடுக்குச் சட்டியுடன் வரும் ஆள். காலண்டர் பிரஸ் என்றால் ஆடிப் பதினெட்டுக்கு ஆல்பம் வெளியிடும் நாளிலிருந்து. ஆண்டு முழுக்கச் சராசரி பார்த்து விற்ற பிளான், அந்த மூன்று வாரத்தில்தான் கைவிடும்.

அன்லிமிடெட் என்பது இயலாத காரியம் என்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. சர்வரிலிருந்து வெளியே வரும் ஒயருக்கு ஒரு வேகம் உண்டு. நொடிக்கு 100 மெகாபிட் என்றால், அது 12.5 எம்.பி. ஒரு நாளுக்கு 86,400 நொடி. இரவு பகல் ஒரு நொடிகூட ஓயாமல் ஓடினாலும் 30 நாளில் 32,400 ஜி.பி.தான் போக முடியும். அந்த சர்வரில் 300 அக்கவுண்ட் இருந்தால் தலைக்கு 108 ஜி.பி. ஒயர் பத்து மடங்கு பெரிதானால் இந்த எண்ணும் பத்து மடங்காகும். அப்போதும் அது ஒரு எண்தான். சில நிறுவனங்கள் அன்லிமிடெட் என்பதற்குப் பதில் 'அன்மீட்டர்டு' என்கின்றன. அளக்க மாட்டோம் என்று அர்த்தம். இது சற்று நேர்மையான சொல். ஆனால் அதை வாங்கினாலும் மற்ற வேலிகள் அப்படியே இருக்கும்: பிராசசர் எவ்வளவு, ராம் எவ்வளவு, மணிக்கு எத்தனை மெயில், மொத்தம் எத்தனை பைல். பைல் எண்ணிக்கையை ஐநோடு என்பார்கள். டிஸ்க் ஸ்பேஸ் அன்லிமிடெட் என்று சொல்லிவிட்டு, ஐநோடு இரண்டரை லட்சம் என்று வைத்தால், பள்ளிக்கூட ஆண்டு விழா போட்டோக்களும் சேர்ந்துபோன பழைய மெயில்களும் சில ஆண்டுகளில் அந்தக் கதவை மூடிவிடும்.

பிராட்பேண்டில் இந்த நாடகத்தை நாம் முன்பே பார்த்திருக்கிறோம். அன்லிமிடெட் என்று வாங்குவோம். குறிப்பிட்ட அளவு தாண்டியதும் வேகம் நத்தையாகிவிடும். அங்கே டிராய் தலையிட்டது. அளவு தாண்டிய பிறகும் 512 கே.பி.பி.எஸ்.க்குக் கீழே போகக்கூடாது என்று 2016ல் சொன்னது. வெப் ஹோஸ்டிங்கிற்கு அப்படி ஒரு தரைமட்டம் கிடையாது. 2022 ஜூன் மாதம் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்கள், பெரிய எழுத்தில் சொன்னதற்கு முரணாகப் பொடி எழுத்தில் நிபந்தனை போடக்கூடாது என்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நிறுவனம் இந்தியாவில் இருந்தால் இது உங்களுக்கு ஒரு பிடி. வெளிநாட்டில் இருந்தால் பிடிக்க ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு அப்படித்தான் ஆயிற்று.

மாணவரிடம் நான் அதிகம் வலியுறுத்தியது பேண்ட்வித்தைப் பற்றி அல்ல. ரீசெல்லர் ஆகிவிட்டால் அந்த வாக்குறுதி உங்களுடையதாகிவிடுகிறது. மேலே இருப்பவர், நஷ்டத்துக்குப் பொறுப்பல்ல என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டார். நீங்கள் நோட்டீஸில் அப்படி எழுதவில்லை. எழுதினாலும் அண்ணாச்சியிடம் அதைக் காட்ட முடியுமா? அவர் என்னைத் திட்டவே இல்லை. "தம்பி, விளம்பரத்துக்குப் பதிலா நோட்டீஸ் அடிச்சிருந்தா, பாதியாவது வீடு போய்ச் சேர்ந்திருக்கும்" என்று மட்டும் சொன்னார். ஒரு பிரஸ் உரிமையாளர் இரண்டு நாள் மெயில் இல்லாமல் புரூப் ஒப்புதல் தவறி, ஆர்டர் ஒன்றை இழந்தார். பதினொரு பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். எனக்கு 33,000 ரூபாய். அவர்களுக்கு ஒரு சீசன்.

ஒருவருடைய தவறுக்கு எல்லாரையும் நிறுத்துவார்களா என்பதை வாங்குவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். ரீசெல்லர் பிளானில் இதைவிட முக்கியமான கேள்வி எனக்குத் தெரியவில்லை.

டொமைன் பெயர் இன்னொரு கண்ணி. .இன் பெயர்கள் 2005ல் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்ட பிறகு விலை மலிந்தது. ரீசெல்லர்கள் பலர் வசதிக்காக எல்லா டொமைனையும் தங்கள் பெயரிலேயே பதிவு செய்துவிடுகிறார்கள். சண்டை வந்தால், ரீசெல்லர் ஊரை விட்டுப் போனால், அல்லது இறந்துபோனால், கடைக்காரர் தன் கடைப் பெயருக்கே உரிமையாளர் அல்ல என்பது அப்போதுதான் தெரியவரும். பதிவு வாடிக்கையாளர் பெயரில், அவருடைய சொந்த இ-மெயிலில் இருக்கட்டும். ஹோஸ்டிங்கும் டொமைனும் வெவ்வேறு இடத்தில் இருந்தால் இன்னும் நல்லது. சர்வர் கவிழ்ந்தால், டொமைனை வேறு சர்வருக்குத் திருப்பிவிட ஒரு நாள்கூட ஆகாது. 2011ல் என்னிடம் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தது. டொமைன் பேனலும் சேர்ந்து பூட்டிக்கொண்டது.

பேக்கப் பற்றி எங்கள் ஊர்க்காரருக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மருந்து கலக்கும் அறையும் சரக்கு வைக்கும் அறையும் ஏன் தள்ளித் தள்ளி இருக்கின்றன என்று இங்கே சிறுவனுக்கும் தெரியும். ஆனால் கம்ப்யூட்டருக்கு வந்தால் மறந்துவிடுகிறோம். 2021 மார்ச் 10 அன்று பிரான்சில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று தீயில் அழிந்தது. பல லட்சம் வெப்சைட்டுகள் முடங்கின. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த சிலருக்குத் திரும்ப எதுவும் கிடைக்கவில்லை. தினசரி பேக்கப் உண்டு என்று ஹோஸ்டிங் விளம்பரம் சொன்னாலும், மாதம் ஒருமுறை சி-பேனலிலிருந்து முழு பேக்கப்பை உங்கள் ஹார்ட் டிஸ்க்குக்கு இறக்கிவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைத் திறந்தும் பாருங்கள். திறக்காத பேக்கப் பல உண்டு.

எத்தனை அக்கவுண்ட் வேண்டுமானாலும் என்ற வாக்குறுதிக்கும் என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டும். 2019 வரை சி-பேனல் லைசென்ஸ் ஒரு சர்வருக்கு ஒரே விலை. அதனால் நிறுவனங்கள் அன்லிமிடெட் அக்கவுண்ட் என்று தாராளமாகக் கொடுத்தன. அந்த ஆண்டு ஜூன் மாதம், அக்கவுண்ட் எண்ணிக்கைக்கு ஏற்ப விலை என்று சி-பேனல் அறிவித்தது. ஓவர்செல்லிங் கணக்கு ஒரே நாளில் தலைகீழானது. ஆகவே இன்றும் மாதம் 600 ரூபாய்க்கு எல்லையில்லாத சி-பேனல் அக்கவுண்ட் என்று ஒருவர் சொன்னால், அந்த லைசென்ஸ் காசை யார் கொடுக்கிறார் என்று கேட்கத் தோன்ற வேண்டும்.

மாணவர் அங்கேயே உட்கார்ந்து அந்த நிறுவனத்தின் சாட் ஜன்னலைத் திறந்தார். என்ட்ரி பிராசஸ் எத்தனை என்று டைப் செய்தார். கவலை வேண்டாம், எங்கள் பிளான் அன்லிமிடெட் என்று பதில். ஐநோடு எத்தனை? அன்லிமிடெட் பிளான், கவலை வேண்டாம். ஒரு வாடிக்கையாளர் வரம்பு மீறினால் எல்லாரையும் நிறுத்துவீர்களா? இப்போது வாங்கினால் பத்து சதவீதம் தள்ளுபடி. எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கு வரவில்லை. பிறகு ஒப்பந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்து, கன்ட்ரோல்-எப் போட்டு ஒவ்வொரு வார்த்தையாகத் தேடினோம். இருபத்தைந்து என்ட்ரி பிராசஸ். இரண்டரை லட்சம் ஐநோடு. குறிப்பிட்ட அளவுக்கு மேல் போன அக்கவுண்டுக்கு பேக்கப் கிடையாது. எல்லாம் இருந்தது. நாற்பதாவது பத்தி இல்லை, முப்பத்து நான்காவது.

எண்ணைச் சொல்லி விற்கும் பிளான்தான் நல்லது என்பது என் கருத்து. 500 ஜி.பி. என்று போட்டிருந்தால் அதற்குள் வாழப் பழகிக்கொள்ளலாம். மீறும்போது சண்டை போடவும் ஒரு எண் கையில் இருக்கும். முதல் ஆண்டில் மூன்று ஆண்டுக்குக் கட்டாதீர்கள். மாதா மாதம் கட்டினால் விலை கூடத்தான் செய்யும். அந்தக் கூடுதல் காசு, வெளியேறும் கதவுக்கான வாடகை.

அண்ணாச்சியின் கடை வெப்சைட் இன்றும் இருக்கிறது. இப்போது மகன் பார்த்துக்கொள்கிறார். இ-காமர்ஸ் வெப்சைட்டுகள் பட்டாசுக்கு ஆன்லைன் ஆர்டர் எடுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று உத்தரவிட்ட பிறகு, ஆர்டர் பாரம் எதையும் வைக்கவில்லை. முகவரி, போன் நம்பர், விலைப்பட்டியல், அவ்வளவுதான். பட்டியல் இப்போது 700 கே.பி. பெரும்பாலும் வாட்ஸ்அப்பிலேயே போய்விடுகிறது.

மாணவர் 21,600 ரூபாயைக் கட்டவில்லை. பத்து அக்கவுண்டுக்கு ஒரு சிறிய பிளானை மாத வாடகையில் எடுத்திருக்கிறார். போன வாரம் நோட்டீஸ் டிசைன் செய்யச் சொல்லி என்னிடம் வந்தார். அவர் எழுதிக் கொண்டுவந்த தாளில், பேண்ட்வித் மாதம் 500 ஜி.பி. என்று இருந்தது. அதைச் சிவப்பில் போடவா என்று கேட்டேன். கறுப்பே போதும் என்றார்.